எடுத்துக்கோங்க, சம்பந்தி

“ஏனுங்க அம்மிணி, அடிச்சா பந்து முந்நூறு கஜம் போகுது. குழிக்கு முழத் தூரத்துல நின்னா உள்ள போக மாட்டேங்குது. இது என்ன கொடுமைங்க?”

கோல்ஃப் கற்றுத்தரும் ஹெப்சிபாவிடம் இப்படி முறையிட்டவர் பஞ்சாலை முதலாளி நாச்சிமுத்து. அவளுக்குச் சித்தப்பா வயது.

போன வருஷக் கோப்பை அந்த முழத் தூரத்தில்தான் போயிற்று. கடைசிக் குழி. பச்சைக் குழந்தைகூடப் பந்தை உள்ளே தள்ளிவிடும். இவர் உருட்டினார். பந்து விளிம்பைத் தொட்டுவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றது.

இந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டியிலும் கோட்டைவிட்டால் கிளப் அணியில் இடமில்லை என்று சொல்லாமல் சொல்லிவிட்டார்கள். அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

தினமும் ஆடிப் பழகுகிறீர்களா என்று ஹெப்சிபா கேட்டாள்.

ஒரு நாள் தப்பாமல் பழகுவதாகச் சொன்னார். கூடம் கோணல் என்று சொல்கிற ஆள் இல்லை அவர். மட்டைதான் கோணல் என்றார். வெளிநாட்டிலிருந்து புதிதாக ஒன்று வரவழைத்திருந்தார். அதை எடுத்து நீட்டினார்.

அவள் மட்டையைப் பார்க்கவில்லை.

“நாளைக்கு உங்களோட ஆடுறவங்களைக் கூட்டிட்டு வாங்க சார்.”

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஆலையின் ஆடிட்டர். மற்றவர் நாச்சிமுத்துவின் மகனுக்குப் பெண் கொடுத்த சென்னியப்பன்.

ஆட்டம் தொடங்கியது. முதல் குழிக்கு முழத் தூரத்தில் நாச்சிமுத்துவின் பந்து நின்றது.

“அது விழுந்தாப்லதானுங்க. எடுத்துக்கோங்க, சம்பந்தி” என்றார் சென்னியப்பன். ஆடிட்டரும் தலையாட்டினார்.

நாச்சிமுத்து உருட்டாமலே குனிந்து பந்தை எடுத்துக்கொண்டார். குழியில் விழுந்ததாகவே கணக்கு.

இரண்டாவது குழியிலும் அதே கதை. பெண் கொடுத்த இடத்தில் மனுஷர் வேறென்ன சொல்வார்?

மூன்றாவது குழியில் நாச்சிமுத்து பந்தை எடுக்கக் குனிந்தபோது ஹெப்சிபா மட்டையை நீட்டித் தடுத்தாள்.

“சார், இந்தத் தூரத்துல கடைசியா எப்ப அடிச்சீங்க?”

“போன வருசம். போட்டியில.”

“அதுக்கு முன்னாடி?”

நாச்சிமுத்து யோசித்தார். காது மடல் சூடாயிற்று.

“அதுக்கு முந்தின வருசம்” என்றார் மெல்ல. “போட்டியில.”

ஹெப்சிபா மட்டையை விலக்கிக்கொண்டாள்.

அவர் நிமிர்ந்து நின்று பந்தை உருட்டினார். அது குழியைத் தாண்டி ஓடியது.

காற்று பலமாக அடிக்கிறது என்றார் ஆடிட்டர். மரத்தில் ஓர் இலை அசையவில்லை.

நாச்சிமுத்து சம்பந்தியை நேராகப் பார்த்தார்.

“விழுந்துச்சுங்களா?”

சென்னியப்பனுக்கு வேர்த்துவிட்டது. மகள் முகம் கண்ணில் வந்து நின்றதோ என்னவோ.

“விழலைங்க, சம்பந்தி.”

நாச்சிமுத்துவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தானே ஓடிப்போய்ப் பந்தை எடுத்துவந்து அதே இடத்தில் வைத்தார்.

“இன்னொருக்கா அடிக்கறேன். பாத்துச் சொல்லுங்க.”

வெயில் ஏறும்வரை சென்னியப்பன் சொல்லிக்கொண்டே இருந்தார். முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னார். போகப் போகக் குரல் தெளிந்துவிட்டது.

அப்புறம் அவர் சொல்ல வேண்டியிராமல் போயிற்று. டொக்கென்று குழியே சொன்னது.

ஞாயிற்றுக்கிழமையும் குழிதான் சொன்னது.