ஒன்றும் குறையாத எலி

ஓர் ஆய்வுக்கூடத்தில் அடுத்தடுத்த கூண்டுகளில் இரண்டு வெள்ளை எலிகள் இருந்தன. அண்ணன் பெயர் அவல். தங்கை பெயர் பொரி.

செல்களின் மேற்புறத்தில் இருக்கும் ஒரு புரதம் பொரியின் உடம்பில் கிடையாது. அந்தப் புரதத்துக்கு என்ன வேலை என்று அறிய, பொரி பிறக்கும் முன்பே அதற்கான மரபணுவை நீக்கிவிட்டிருந்தார் ஆய்வாளர் தெய்வானை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவலிடமிருந்து அவர் எதையும் நீக்கவில்லை. வேளாவேளைக்குத் தின்று சும்மா இருப்பதுதான் அதன் வேலை. அது எவ்வளவு பெரிய வேலை என்று அதற்குத் தெரியாது.

இரண்டின் வாலிலும் ஒரே அளவாகக் கீறிவிட்டார் தெய்வானை.

"பொரிக்கு மட்டும் ஆறலைன்னா, இந்தப் புரதம் இல்லாததுதான் காரணம். உடனே இதையே மருந்தா கொடுத்திடலாம்" என்று உதவியாளரிடம் சொன்னார்.

பொரியின் புண் ஆறவில்லை. தெய்வானை அதைக் கையில் எடுத்து எடுத்துப் பார்த்தார்.

சுவரிலிருந்த பல்லி சிரித்தது. "என்னப்பா அவல், உன்னை யாரும் கண்டுக்கவே மாட்டேங்கிறாங்களே! எதுக்குத்தான் உனக்குத் தீனி போடுறாங்க?"

அவலுக்குச் சுருக்கென்றது. ஆறிவந்த தன் புண்ணைத் தானே கடித்துப் பிய்த்தது.

"அண்ணா, வேண்டாம்! உன் புண் ஆறினாத்தான் என் குறை அவங்களுக்குத் தெரியும்!" என்று கெஞ்சியது பொரி.

"ஓகோ! உன்னை மட்டும்தான் கையில எடுக்கணுமோ?"

மறுநாள் தெய்வானை அவலையும் கையில் எடுத்தார். அவலுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் தன் புண்ணைக் கடித்தது.

கடைசியில் தெய்வானை இரண்டு வால்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "புரதம் இருக்கிற எலிக்கும் ஆறலை, இல்லாத எலிக்கும் ஆறலை. அப்போ புண் ஆறுறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. மருந்து வேண்டாம்."

அவல் கூண்டின் முன்பக்கத்துக்குப் பாய்ந்தது. "நான்தான் கடிச்சேன்! அவளுக்கு மருந்து கொடுங்க!" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியது. தெய்வானையின் காதில் விழுந்தது வெறும் கீச்சுச் சத்தம்தான்.

பொரியின் புண் பரவியது. சில நாளில் அது செத்துப்போனது. பாவம், அதன்மேல் ஒரு தப்பும் இல்லை.

அவல் கடிப்பதை நிறுத்தியது. அதன் புண் தானாகவே ஆறியது.

பிறர் கண்ணில் படுவதற்காகத் தன் வேலையைக் கெடுத்துக்கொள்பவன், தன்னை நம்பியிருப்பவரையும் சேர்த்தே கெடுக்கிறான்.