பூவாயியின் வண்டி அச்சு

நாணல் குளத்துக் காட்டில் பூவாயி என்ற முயல் தன் கணவன் துரும்பனோடு வாழ்ந்து வந்தது. ஒரு மழைநாளில் மரக்கிளை முறிந்து விழுந்ததில் துரும்பனுக்குப் பின்னங்கால்கள் இரண்டும் விளங்காமல் போய்விட்டன. வளைக்குள்ளேயே முடங்கிய கணவனுக்காக, பூவாயி நரியின் பட்டறையில் ஒரு வண்டி வாங்கியது.

"ஒரு வருஷத்துக்குள் எது பழுதானாலும் இலவசமாகச் சரிசெய்து தருவோம்!" என்று நரி ஓலையில் எழுதியே கொடுத்தது.

அன்றுமுதல் தினமும் காலையில் பூவாயி வண்டியை இழுக்கும். துரும்பன் உள்ளே உட்கார்ந்து வரும். குளக்கரையில் இளம்புல் தின்றுவிட்டு, கொக்குகளோடு ஊர்க்கதை பேசிவிட்டு இரண்டும் திரும்பும்.

நான்காம் மாதம் நடுவழியில் அச்சு மளுக்கென்று முறிந்தது. பூவாயி கணவனை முதுகில் சுமந்து வளையில் சேர்த்தது. பிறகு வண்டியைத் தள்ளாடித் தள்ளாடிப் பட்டறைக்கு இழுத்துப் போனது.

நரி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. "இந்தக் கடையாணி நாங்க போட்டது இல்லையே?"

"போன மாசம் அது கழன்று விழுந்துடுச்சு அண்ணே. அணில்தான் வேற ஒண்ணு செருகித் தந்தது."

"போச்சு! வெளியாள் கை பட்டால் உத்தரவாதம் செல்லாது!"

"முறிந்தது அச்சுதானே! ஓலையில் அப்படி எதுவும் எழுதலையே!"

"பின்பக்கம் பார்த்தியா?"

பூவாயி ஓலையைத் திருப்பியது. அங்கே எறும்புக்கால் பருமனில் அந்த நிபந்தனை கிறுக்கப்பட்டிருந்தது.

விடாமல் ஒன்பது நாள் பட்டறைக்கு நடந்தது பூவாயி. ஒன்பது நாளும் அதே பதில்தான். "என் வீட்டுக்காரர் வெளிச்சத்தையே பார்க்கலை அண்ணே!" என்று அது குரல் உடைந்து கத்தியபோது, நரி அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்தது.

மூலையில் மரம் செதுக்கிக்கொண்டிருந்த கரடி எழுந்து வந்து முறிந்த அச்சை முகர்ந்தது. "ஐயா, இது ஈரம் காயாத மரம். நீங்க அவசரப்படுத்தினீங்க, நான் போட்டுட்டேன். தப்பு நம்முடையது!"

"வாயை மூடு!" என்று சீறியது நரி.

மறுநாள் காலை கரடி நன்றாகக் காய்ந்த புது அச்சைத் தோளில் வைத்து, உடைந்த வண்டியையும் இழுத்துக்கொண்டு நடந்தது. "என் மரம்! யாரைக் கேட்டு எடுத்தாய்?" என்று கத்திக்கொண்டே நரியும் முயல் வளைவரை ஓடிவந்தது.

துரும்பன் முன்னங்கால்களால் ஊர்ந்து வாசலுக்கு வந்தது. நரியைக் கண்டதும் அதன் முகம் மலர்ந்தது.

"நீங்களே நேரில் வந்துட்டீங்களா அண்ணே! பட்டறையில் மும்முரமா வேலை நடக்குது, நல்ல மனசோட செய்து தர்றீங்கன்னு இவள் தினமும் சொல்வாள். அந்த வண்டி வந்த பிறகுதான் எனக்கு உயிரே வந்தது."

நரி திகைத்துப் பூவாயியைப் பார்த்தது. பூவாயி தலையைக் குனிந்துகொண்டது. கணவன் மனம் நோகக் கூடாது என்று அது இத்தனை நாளும் எல்லாவற்றையும் மறைத்திருந்தது!

நரியின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மண்ணில் முழங்காலிட்டு அச்சின் மறுமுனையைப் பிடித்தது.

"நான் பிடிச்சுக்கிறேன் கரடி, நீ அடி" என்றது. பிறகு தாழ்ந்த குரலில், "மன்னிச்சுடு தங்கச்சி. மரம் காயலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றது.

கொடுத்த வாக்கிலிருந்து நழுவ வழி தேடுவதைவிட, தவறை ஒப்புக்கொண்டு சரிசெய்வதே மேல்.