அண்ணாச்சி லீவு போட்ட நாள்

குருவுக்கு வயசு முப்பத்தொண்ணு. சிஷ்யனுக்கு அம்பது. எங்க மலையில அப்படித்தான்.

குரு பேரு பெனிட்டா. ஸ்கூல்ல பி.டி. டீச்சர். சிஷ்யன் கோயில்பிள்ளை அண்ணாச்சி, கவர்மென்ட் பஸ் டிரைவர். அந்த பஸ்ஸுக்குக் கண்டக்டர் நான், பேச்சிமுத்து. நானும் சிஷ்யன்தான். ஆனா கூட்டத்துக்கு ஒரு தலை, அவ்வளவுதான்.

டீச்சர் எங்களுக்குச் சொல்லிக்குடுக்கறது டிரையத்லான். மொதல்ல நீந்தணும். கரையேறி சைக்கிள் மிதிக்கணும். எறங்கி ஓடணும். மூணும் ஒரே மூச்சுல. நடுவுல டீக்கு நிறுத்தக் கூடாதாம். இது என்ன நியாயம்னு நான் கேட்டுப் பாத்துட்டேன்.

கீழ, வெயில் ஊர்ல இருக்கறவங்க குடுத்து வச்சவங்க. சித்திரை வந்தா சைக்கிள சுவத்துல மாட்டிட்டு ஃபேனுக்கடியில படுத்துக்கலாம். வால்பாறையில அது நடக்காது. இங்க வெயிலும் கொல்லாது, குளிரும் கொல்லாது. சாரல் அடிக்கும், இல்லன்னா மழை அடிக்கும். ரெண்டும் இல்லாத நாள்ல ஊரே வெளிய வந்து வானத்தப் பாக்கும். அதனால வருஷம் முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் டிரெய்னிங். வேணாம்னு சொல்ல வானம் ஒரு சாக்குக் கூடக் குடுக்காது.

அண்ணாச்சி சைக்கிள் ஓட்டுறத நீங்க பாக்கணும். கொண்டை ஊசி வளைவு வந்தா வாயாலயே ஹாரன். "பாம்... பாஆம்!" ஏறி வர்ற லாரிக்கு ஓரங்கட்டி நின்னு கைகாட்டி வழி விடுவாரு. ஒரு தடவ எறக்கத்துல நேரம் குறிச்சுக்கிட்டிருந்தோம். நல்லாப் பறந்து வந்தவரு, ஸ்டாப்பிங்ல படக்குன்னு நிறுத்திட்டாரு.

"எதுக்கு அண்ணாச்சி நிறுத்துனீங்க?"ன்னாங்க டீச்சர்.

"அந்தம்மா கை காட்டுனாங்கல்ல டீச்சர்."

"சைக்கிள்ல எங்க ஏத்துவீங்க?"

"நிறுத்துனப்புறந்தான் அத யோசிச்சேன்."

மூணு வருஷமா ஒரு நாள் லீவு கிடையாது. காலையில தடுப்பணையில நீச்சல். டூட்டி முடிஞ்சு சாயங்காலம் சைக்கிள், இல்லன்னா ஓட்டம். மக கல்யாணத்தன்னிக்கு பந்தி முடியல, ஆளக் காணோம். தேடிப்போனா, பட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு டீ ஃபேக்டரி மேட்டுல ஓடிக்கிட்டிருக்காரு. சந்தனம் வேர்வையில வழியுது.

எல்லாரும் ஆர்வம்னு நெனச்சாங்க. எனக்கும் எஸ்தரக்காவுக்கும் தெரியும். எஸ்தரக்கா அவரு சம்சாரம்.

மூணு வருஷத்துக்கு முந்தி, சாயங்காலம் அஞ்சு மணியானா அண்ணாச்சி போற எடம் ஒண்ணே ஒண்ணு. டாஸ்மாக் கடை. ஸ்டியரிங் புடிக்கிற நேரத்துல ஒரு சொட்டு தொட மாட்டாரு. எறங்கிட்டா விட மாட்டாரு. போறப்ப நடந்து போவாரு. வர்றப்ப நாந்தான் நடப்பேன், அவரு என் தோள்ல வருவாரு. பெனிட்டா டீச்சர் ஒரு நாள் அந்த அஞ்சு மணிக்கு அவர ஓட்டத்துக்குக் கூப்புட்டாங்க. அன்னிக்கு ஓட ஆரம்பிச்சவருதான்.

இந்த ஆனி மாசம் எடது முட்டி வீங்கிருச்சு. கிளட்ச் மிதிக்கிற காலு. டாக்டரு அமுக்கிப் பாத்தாரு. அவரு மூக்காலதான் பேசுவாரு.

"இருபது நாளு ஓட்டம் ங்கூடாது. சைக்கிள் ங்கூடாது. நீச்சல் ங்கூடாது. பஸ்ஸும் ங்கூடாது. மீறுனா அப்புறம் கிளட்ச்ச மறந்துருங்க."

அண்ணாச்சி பவ்யமா தலையாட்டினாரு. மறுநாள் காலையில நான் தடுப்பணைக்குப் போனா, தண்ணிக்குள்ள ஒரு மொட்ட மண்ட மொதக்குது.

"அண்ணாச்சி?"

"நான் இல்லடா."

டீச்சருக்கு ஃபோன் போட்டேன். பத்து நிமிஷத்துல வந்துட்டாங்க. இன்னிக்கு இருக்கு கச்சேரின்னு நான் ஒதுங்கி நின்னேன். ஆனா அவங்க திட்டல. கரையில குடைய புடிச்சுக்கிட்டு, அவரா ஏறி வர்ற வரைக்கும் நின்னாங்க.

அண்ணாச்சி நொண்டிக்கிட்டே ஏறி வந்தாரு. பாறையில உக்காந்து கணுக்கால்ல ஏறுன அட்டைய உப்பு தடவி எடுத்தாரு. டீச்சர் மூஞ்சியப் பாக்கல.

"டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சுல்ல அண்ணாச்சி?"

"விழுந்துச்சு."

"அப்புறம்?"

அட்டைய ஒரு குச்சியால ஓரமா தள்ளி விட்டாரு. அப்புறம் கேட்டாரு.

"டீச்சர், ஒரு நாள் விட்டா என்ன ஆகும்?"

வம்புக்குக் கேக்கல. காட்டுக்குள்ள வண்டி நின்னுட்டா கடைசி சீட்டுல இருந்து ஒரு குரல் வரும் பாருங்க, இனி எப்படிப் போறதுன்னு. அந்தக் குரல்.

டீச்சர் குடைய மடக்கினாங்க.

"சாயங்காலம் நாலு மணிக்கு டிரெய்னிங். உங்க வீட்டுல."

"வீட்டுலயா? வீட்டுல என்னத்த ஓடுறது?"

"வந்து சொல்றேன். பேச்சிண்ணே, நீங்களும் வரணும்."

"நமக்கு முட்டி நல்லாத்தான இருக்கு டீச்சர்?"

"அதனாலதான்"னுட்டுப் போயிட்டாங்க.

நாலு மணிக்குப் போனோம். சின்ன குவார்ட்டர்ஸ் வீடு. தகரக் கூரையில மழை விழுற சத்தத்துல, பேசுனா கத்தித்தான் பேசணும். டீச்சர் மூணு பிளாஸ்டிக் சேர ஜன்னலப் பாத்து வரிசையா போட்டாங்க. கழுத்துல விசிலு. கையில ஸ்டாப்வாட்ச். எல்லாம் முறையாத்தான் இருந்துச்சு.

"மொதல்ல நீச்சல். நாப்பது நிமிஷம். உக்காருங்க."

அண்ணாச்சி உக்காந்தாரு. "உக்காந்துட்டேன். இனி?"

"அவ்வளவுதான்."

விசில் ஊதிட்டு அவங்களும் உக்காந்துட்டாங்க.

நான் என்னமோ சொல்ல வாயத் தொறந்தேன்.

"பேச்சிண்ணே, உங்களுக்கு வாயத் தொறக்காம நாப்பது நிமிஷம். கஷ்டம்தான், முயற்சி பண்ணுங்க."

உக்காந்தோம். ஜன்னலுக்கு வெளிய தேயிலைக் காடு, அதுக்கு மேல மஞ்சு மூட்டம். சலூன்ல கத்திக்குக் கழுத்தக் குடுத்தவன் மாதிரி அண்ணாச்சி வெறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. எடது காலு மட்டும் தன்னால அமுங்கி அமுங்கி எந்திரிக்குது. தரையில கிளட்ச்சத் தேடுது.

"எவ்வளவு ஆச்சு டீச்சர்?"

"மூணு நிமிஷம்."

"வாட்ச்சு ரிப்பேரா?"

"இல்ல."

எஸ்தரக்கா அடுப்படியில இருந்து பாலில்லாத கட்டஞ்சாயா கொண்டு வந்தாங்க. மூணு பேரு ஜன்னலப் பாத்துக்கிட்டு பேச்சுமூச்சில்லாம உக்காந்திருக்கறதப் பாத்து அப்படியே நின்னுட்டாங்க.

"யாரு போயிட்டா?"

"யாரும் போகலக்கா. டிரெய்னிங்"னாங்க டீச்சர்.

"எது, இதுவா?"

"இதுதான்."

எஸ்தரக்கா தம்ளர ஒண்ணொண்ணா எடுத்து வச்சாங்க.

"ஜன்னலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதா டிரெய்னிங்கு? இத நான் இருபது வருஷம் பண்ணேன் டீச்சர். தெனமும் சாயங்காலம், இவரு வர்ற வரைக்கும். எனக்கு எத்தன மெடலு வரும்?"

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. யாரும் சிரிக்கல. அண்ணாச்சியோட காலு அப்படியே நின்னுருச்சு.

டீச்சர் எந்திரிச்சு தன் சேர எஸ்தரக்காவுக்குக் குடுத்துட்டு, தரையில சம்மணம் போட்டு உக்காந்தாங்க. இப்ப நாலு பேரு.

நாப்பது நிமிஷம் முடிஞ்சுது. விசிலு.

"இப்ப சைக்கிள். ஒன்றரை மணி நேரம். அசையாம."

அஞ்சு மணிக்கு ஃபேக்டரி சங்கு ஊதிச்சு.

அண்ணாச்சிக்கு மேலுதட்டுல வேர்வை. மழைக்குளுருல வேர்வை! ரெண்டு கையையும் தொடையில தேய்ச்சாரு. எந்திரிச்சாரு, உக்காந்தாரு, திரும்ப எந்திரிச்சாரு.

"செத்த காத்து வாங்கிட்டு வந்துடறேன்."

இதே வார்த்தைதான். மூணு வருஷத்துக்கு முந்தி தெனமும் இதே வார்த்தையச் சொல்லிட்டுத்தான் எந்திரிப்பாரு. நான் பாய்ஞ்சு கையப் புடிக்கப் போனேன். டீச்சர் கண்ணாலயே உக்காருன்னாங்க.

அண்ணாச்சி கதவத் தொறந்து வெளிப்படியில எறங்கி நின்னாரு. குடை எடுக்கல. செருப்பும் போடல. அங்கிருந்து பாத்தா ரெண்டாவது வளைவுல டாஸ்மாக் கடையோட பச்ச லைட்டு தெரியும். மழை அவரு மொட்டத் தலையில விழுந்து காது வழியா ஒழுகுது. அடுத்த படியில கால வைக்கல. திரும்பியும் வரல.

டீச்சர் எந்திரிச்சுப் போயி கதவுகிட்ட நின்னாங்க. பக்கத்துலயே. தொடல.

"போகணும்னா போகலாம் அண்ணாச்சி. கதவ நான் சாத்த மாட்டேன்."

"நான் எதுக்கு ஓடுறேன்னு நெனைக்கிறீங்க டீச்சர்?"

"சொல்லுங்க."

"மெடலுக்கா? முட்டாப்பய மாதிரி இந்த வயசுல ட்ரவுசர் போட்டுக்கிட்டு?"

"சொல்லுங்க அண்ணாச்சி."

"பின்னாடி ஒருத்தன் வர்றான்." திரும்பாமயே சொன்னாரு. "என் மூஞ்சிதான் அவனுக்கும். குடிச்சுட்டு சட்டப் பித்தான மாத்திப் போட்டிருப்பான். நான் ஓடுனா ஓடி வர்றான். நான் தண்ணிக்குள்ள எறங்குனா கரையில நிக்கறான். வளைவுல திரும்புறப்பல்லாம் கடைக்கண்ணுல தெரியறான். மூணு வருஷமா ஒரே ஒரு முழந்தான் எடவெளி. நான் ஒரு நாள் உக்காந்தேன்னா எட்டிப் புடிச்சுருவான் டீச்சர். புடிச்சு கூட்டிட்டுப் போயிருவான்."

எல்லாரு குரல்லயும் பேசிக் காட்ட எனக்கு வரும். டாக்டரு, டெப்போ மேனேஜரு, செக்கிங் இன்ஸ்பெக்டரு, சர்ச்சு பாதிரி அய்யரு, எல்லாரும். அந்தக் குரல் மட்டும் இன்னிக்கு வரைக்கும் எனக்கு வரல. நான் முயற்சி பண்ணவும் இல்ல.

எஸ்தரக்கா முந்தானைய வாயில வச்சுக்கிட்டாங்க.

டீச்சர் கேட்டாங்க.

"இப்ப எங்க நிக்கறான்?"

"இந்தா, இங்கதான். படிக்குக் கீழ."

டீச்சர் எட்டிப் பாத்தாங்க. சும்மா பாக்கல, நல்லா குனிஞ்சு, ஆள் தேடுற மாதிரி பாத்தாங்க. நானும் பாத்தேன். எனக்கு மழைதான் தெரிஞ்சுது.

"நனைஞ்சுட்டானா?"

"தொப்பலா."

"மூச்சு வாங்குதா?"

அண்ணாச்சிகிட்ட இத யாரும் கேட்டதில்ல போல. யோசிச்சாரு. குரலு எறங்கிருச்சு.

"வாங்குது டீச்சர். ரொம்ப வாங்குது."

டீச்சர் உள்ள வந்து கொடியில கெடந்த துண்டு ஒண்ண உருவுனாங்க. திரும்பப் போயி அண்ணாச்சி கையில குடுத்தாங்க.

"பாவம் அண்ணாச்சி. அவனுந்தான் மூணு வருஷமா இந்த மழையில ஒரு நாள் லீவில்லாம ஓடி வந்திருக்கான். உள்ள கூப்புடுங்க. தலையத் தொடச்சு விடுங்க. நாங்கெல்லாம் இருக்கோம்ல, அவனும் ஒரு ஓரமா உக்காந்துக்கட்டும்."

அண்ணாச்சி படிக்குக் கீழ பாத்து, வான்னு தலையசைச்சாரு. அப்புறம் படியேறி உள்ள வந்து, எஸ்தரக்கா பக்கத்துச் சேர்ல உக்காந்து, மெதுவா தன் தலையத் தொடைக்க ஆரம்பிச்சாரு.