மீகாமனின் கண்

கடற்கரையில் கண் வைத்தியம் பார்த்துவந்த சோலைச்சியிடம் ஐம்பது வயதுக்கு மேல் சீடராகச் சேர்ந்தவர் ஆண்டார். குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

அன்று காலை முதல் ஆண்டார் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கப்பலைச் செலுத்தும் மீகாமன் நாகன் வருகிற நாள் அது.

நாகனுக்கு இரண்டு கண்ணும் மங்கிக்கொண்டே வந்தன. நெல்லி, கடுக்காய், தான்றிக்காய் மூன்றையும் ஊறவைத்து வடித்த நீரால் ஒரு மண்டலம் கண்ணைக் கழுவச் சொல்லியிருந்தார் சோலைச்சி. தினம் ஒரு தேன்நெல்லியும் தின்னச் சொன்னார். எரிச்சலும் சிவப்பும் அடங்கட்டும், பிறகு பார்க்கலாம் என்பதுதான் அவர் சொன்னது. ஆனால் வாசல்வரை வழியனுப்பப் போன ஆண்டாரிடம் நாகன் அழுதார். மனம் கேட்காமல், பார்வையே திரும்பிவிடும் என்று ஆண்டார் வாக்குக் கொடுத்துவிட்டார். குருவிடம் அதைச் சொல்லவில்லை.

நாகன் வந்து உட்கார்ந்தார்.

"எரிச்சல் போய்விட்டது அம்மா. மங்கல் போகவில்லை. கப்பலில் எண்பது பேர் ஏறிவிட்டார்கள். மதியம் கிளம்ப வேண்டும்."

சோலைச்சி அவர் இமையை விலக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"புரை விழுந்திருக்கிறது. நெல்லியாலும் கடுக்காயாலும் அது கரையாது."

"பார்வையே திரும்பிவிடும் என்று உங்கள் சீடர் சொன்னாரே."

சோலைச்சி திரும்பிப் பார்த்தார். ஆண்டார் தலை குனிந்தார். அதற்குள் எழுந்துவிட்ட நாகனின் கை அவர் கழுத்தைப் பற்றிவிட்டது. இன்னொரு கை இடுப்புக் கத்திக்குப் போயிற்று.

"நாற்பத்தெட்டு நாள் இவரை நம்பினேன்," என்றார் நாகன், குரலை உயர்த்தாமல். "நீங்களாவது தெளியும் என்று சொல்லுங்கள் அம்மா. விட்டுவிட்டுப் போகிறேன்."

ஆண்டாருக்கு மூச்சு முட்டியது. சொல்லிவிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"தெளியாது," என்றார் சோலைச்சி. "துறைக்கு வெளியே உள்ள பாறைகளுக்கு நடுவே இனி நீங்கள் சுக்கான் பிடிக்கக் கூடாது."

பிறகு, கழுத்திலிருந்த பிடி மெல்லத் தளர்ந்தது. நாகன் மணலில் சரிந்து உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டார். எழுந்ததும், சுக்கானைத் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுத் துறைக்கு நடந்தார்.

மதியம் அவர் இல்லாமலேயே கப்பல் பாறைகளைத் தாண்டியது.

ஆண்டார் குருவின் முன்னால் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வந்தவர், வேறொன்றைக் கேட்டார்.

"என் உயிர் அவர் கையில் இருந்தது அம்மா. உங்களுக்குப் பயமே வரவில்லையா?"

"வந்தது. இன்னும் ஒரு நொடி யோசித்திருந்தால், நானும் உங்களைப் போலவே சொல்லியிருப்பேன்."