பூசணியின் மேலுள்ள சாம்பல்

அந்தக் காலத்தில் காய்களுக்கும் வாய் இருந்தது. பூசணி பிஞ்சாக இருந்தபோது, அங்காயி வீட்டுக் கூரைமேல் கிடந்தபடி முதன்முதலாகக் கேட்ட ஓசை 'சரக்'. கீழே அரிவாள்மணையில் அவளுடைய தாய்க்காய் இரண்டாகப் பிளந்த ஓசை அது. எத்தனையோ மழை பெய்து ஓய்ந்தும் அந்த ஓசை அவள் காதை விட்டுப் போகவில்லை.

அதே கூரையில் பரங்கியும் சுரையும் கிடந்தார்கள். மூவருக்கும் அப்போது ஒரே நிறம், வழவழவென்ற பச்சை. பரங்கிக்கு வெயில் என்றால் உயிர்.

"புளிக்குழம்புல விழுந்தா நான்தான் வெல்லம். பால்ல வெந்தா பாயசம். யாருக்குடி வரும் இந்தக் கொடுப்பினை?" என்பாள்.

"வேகறதுக்கு இவ்வளவு அவசரமா உனக்கு?" என்று சுரை சிரிப்பாள். "நான் முத்திக் காஞ்சு, எவன் இடுப்புலயாவது குடுவையாத் தொங்கிக்குவேன்."

பூசணி பேசமாட்டாள். ருசியில்லாத காயை யாரும் அறுக்கமாட்டார்கள் என்று அவளுக்கு ஒரு எண்ணம். அதனால் இனிப்பை ஒதுக்கிவிட்டு, பெய்த மழையையும் இறங்கிய பனியையும் குடித்துக் குடித்து உடம்பெல்லாம் தண்ணீராக்கிக்கொண்டாள். அங்காயி ஏணி வைத்து ஏறி விரலால் தட்டிப் பார்ப்பாள். "வெறும் தண்ணி. இன்னும் கெடக்கட்டும்" என்று இறங்கிவிடுவாள். அவள் இறங்கிய பிறகுதான் பூசணிக்கு மூச்சு வரும். பிறகு, கூரைக்குக் கீழே தூளி ஆடும் மெல்லிய முனகலைக் கேட்டபடி கண் அயர்வாள்.

மாசி மாதத்து மதியம். தூளியில் கைப்பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு அங்காயி கிணற்றுக்குப் போயிருந்தாள். புருஷன் நல்லான் களத்தில் இருந்தான். பக்கத்து வாசலில் நெல் அவித்த அடுப்பிலிருந்து, எரியும் வைக்கோல் துரும்பொன்றைக் காற்று தூக்கி வந்தது. அது வாசலுக்கு நேர்மேலே கூரையோரத்தில் உட்கார்ந்தது. முதலில் புகைந்தது. பிறகு நாக்கை நீட்டியது.

"அங்காயீ! ஓடியா!" என்று சுரை கத்தினாள். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. குரல் கிணற்றடிக்குப் போய்ச் சேரவில்லை.

வீட்டுக்குள் பிள்ளை இருமியது.

"அக்கா, நீதான் ஓரத்துல இருக்க. உருண்டு விழேன்" என்று பரங்கியிடம் சொன்னாள் பூசணி.

"நானா? எரியற தீயில வெல்லத்தைக் கொட்டவா? எங்கிட்டத் தண்ணி ஏதுடி?"

பரங்கி கூரையின் வரிச்சுக் குச்சிகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சுரை பூசணியைப் பார்த்தாள்.

"விழுந்தா உடைஞ்சிருவேனா?"

"ஆமா" என்றாள் சுரை. வேறென்ன சொல்வது?

பிள்ளை மறுபடி இருமியது. இப்போது இருமல் பாதியில் நின்றது.

பூசணி தன் கனத்தையெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்த்தாள். காம்பு விடவில்லை. இன்னும் சாய்ந்தாள். கொடி இழுபட்டு நீண்டது, பிறகு அறுந்தது. 'சரக்'. பிஞ்சில் கேட்ட அதே ஓசை. அவள் உருண்டு போய்க் கூரையோரத்துத் தீயின்மேல் விழுந்து வெடித்தாள். பயந்து பயந்து சேர்த்த அத்தனை மழையும் ஒரே நேரத்தில் கொட்டியது.

அங்காயி குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தபோது கூரையில் புகை மட்டும் இருந்தது. சாம்பல் அப்பிய பூசணித் துண்டொன்று வாசல் விட்டத்தில் சிக்கித் தொங்கியது. உள்ளே பிள்ளை வீறிட்டு அழுதது.

அடுத்த பருவத்தில், சிதறிய விதையிலிருந்து ஒரு கொடி வந்து காய்த்தது. காயின் மேலெல்லாம் சாம்பல்; கழுவியும் போகவில்லை. அங்காயி அதை அரிவாள்மணைவரை கொண்டுபோனாள்.

"எனக்குக் கை வரல. நீங்களே வெட்டுங்க" என்றாள்.

நல்லான் வாங்கி இரண்டாகப் பிளந்து கொடுத்தான். அதன் பிறகே அவள் துண்டு போட்டு மோர்க்குழம்பு வைத்தாள்.

அன்று முதல்தான் பூசணி சாம்பல் பூத்துக் காய்க்கிறது. புது வீட்டு வாசலில் அதைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். முழுப் பூசணியில் பெண்கள் முதல் வெட்டு வைப்பதில்லை. வரிச்சை இறுக்கிக் கட்டிக்கொண்டதில் பரங்கியின் உடம்பில் விழுந்த பள்ளங்களும், அந்த வெக்கையில் மஞ்சளான சதையும் இன்றுவரை அப்படியே இருக்கின்றன.

கூரையில் மிஞ்சிய அந்தப் பரங்கியை, தீப்பிடித்த மறுநாளே அங்காயி இறக்கிப் புளிக்குழம்பு வைத்துவிட்டாள்.