எழுபது வாசல்

"'உங்கள் வீட்டில் நான் தும்மினால்கூட அதைச் சபையில் அறிவிக்க ஓர் ஆள். மனுஷி வாழ்கிற இடமா இது?' இப்படியே கேட்டாள் என் மனைவி, அம்மையே. ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை."

"கேட்டதில் என்ன தப்பு?" என்றாள் பவளநாச்சி, கீரை ஆய்ந்தபடி.

"தப்பென்று நான் சொன்னேனா?"

"பின்னே அவளை விட்டுவிட்டு மலையேறி வந்து என்னிடம் ஏன் மல்லுக்கு நிற்கிறாய்?"

வேள்மாறன் இடுப்பிலிருந்து ஓலைக்கட்டை எடுத்தான். அவனுக்கு ஐம்பது வயது. குரு பவளநாச்சியோ அவனைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். வருகிற பௌர்ணமியில்தான் தாய் மகாராணி அவனுக்கு முடி சூட்டுகிறாள். மனைவி வாகை அதுவரை பொறுப்பதாக இல்லை. மலையடிவாரத்து ஆற்றில் படகேறி உட்கார்ந்துவிட்டாள். படகு கிளம்ப ஊதும் மூன்றாம் சங்குக்குள் எதை மாற்றப் போகிறான் என்று வந்து சொன்னால் இறங்குவாள். இல்லாவிட்டால் தாய்வீடு.

மேகம் மலையைத் தின்றுகொண்டிருந்தது. நின்ற குடிசை மிதப்பதுபோல் இருந்தது.

"எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்," என்று ஓலைக்கட்டைப் பிரித்தான். "நீங்கள் ஒருமுறை கேட்டுச் சரியென்றால் போதும், ஓடிவிடுவேன். முதல் வரி: அரண்மனைக் கதவுகள் இனி எல்லோருக்கும் திறந்திருக்கும்."

"யார் திறப்பது?"

"ஆணை போடுவேன்."

"பேஷ். குளிர்கிறது. உள்ளே வந்து மீதியைப் படி."

அவள் கீரையை அள்ளிக்கொண்டு போனாள். பின்னாலேயே காற்று கதவைச் சாத்தியது.

வேள்மாறன் கதவின் முன் நின்றான். நின்றால் திறக்கும். பிறந்த நாள் முதல் அரண்மனையின் எழுபது வாசலும் அவன் நெருங்க நெருங்கத் தூக்கத்தில் இமை பிரிவதுபோல விலகியிருக்கின்றன. ஓரத்தில் கைகள் இருந்ததை அவன் கண்டதில்லை.

முதல் சங்கு ஊதியது. கால்விரல்களுக்கிடையில் மேகம் நுழைந்து போயிற்று.

அவன் தொண்டையைச் செருமினான். இன்னும் சற்று நிமிர்ந்து நின்றான். கீழேயிருந்து இரண்டாம் சங்கு, கனவில் யாரோ கூப்பிடுவதுபோல.

"அம்மையே! கதவு!"

"தாழ் போடவில்லையே," என்றது உள்ளிருந்து குரல்.

அவன் இடப்பக்கம் பார்த்தான். வலப்பக்கம் பார்த்தான். இரண்டு பக்கமும் வெள்ளை. இரண்டு கையிலும் ஓலை. அடிவாரத்தில் யாரோ மூன்றாம் சங்குக்கு மூச்சை இழுப்பதுகூடக் கேட்பதுபோல் இருந்தது.

"யாரங்கே?" என்றான் மேகத்தைப் பார்த்து. "யாராவது வந்து இந்தக் கதவைத் திறந்து விடுங்களேன்."