ஆம்ப்பும் அதன் அச்சு அசலும்

கம்ப்யூட்டர் எதையும் அப்படியே கற்றுக்கொண்டுவிடும் என்று எல்லோரும் நம்பத் தொடங்கிய காலத்தில், ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் பழைய கிட்டார் ஆம்ப் ஒன்று இருந்தது. கிட்டார் முணுமுணுப்பதை வாங்கி ஊருக்கே கேட்கும்படி சொல்கிற பெட்டி. உள்ளே, பழைய ரேடியோக்களில் இருக்குமே, அந்த மாதிரி நான்கு கண்ணாடி வால்வுகள். சுவிட்சைப் போட்டதும் பேசிவிடாது. வால்வுகள் சூடேறிச் சிவந்த பிறகுதான் வாயைத் திறக்கும். அப்படி ஒரு குரல் வேறு யாருக்கும் இல்லை என்ற பெருமை அதற்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அதன் சொந்தக்காரர் டெரிக், கிட்டார் வாசிப்பவர். வெளியூர்க் கச்சேரிக்கெல்லாம் ஆம்ப்பைத் தூக்கித் தூக்கி அவருக்கு இடுப்பு போய்விட்டது. அதனால் அதன் குரலை கம்ப்யூட்டருக்குள் நகலெடுத்துவிடச் சொன்னார்.

"நகல் வெளியூருக்கு மட்டும்தாம்மா. அடுத்த மாசம் பாட்டுப் பதிவுக்கு நம்ம ஆம்ப்தான்," என்றார், ஒலிப்பதிவு செய்யும் மிருணாளினியிடம்.

ஆம்ப்புக்கு அது போதும். பதிவு அறையின் நடுவில் அதற்கென்று ஓர் இடம் உண்டு. அந்த இடம் பறிபோகாதவரை யார் எத்தனை நகல் எடுத்தால் என்ன?

மிருணாளினி மைக்கை அதன் முன்னால் நிறுத்தினாள். கம்ப்யூட்டர் வேலையை ஆரம்பித்தது.

"நான் ஒரு சத்தம் அனுப்புவேன். நீ அதை எப்படித் திருப்பிச் சொல்றேன்னு குறிச்சுக்குவேன். அவ்வளவுதான்."

"எத்தனை சத்தம்?"

"ரெண்டாயிரத்துச் சொச்சம்."

அந்தச் சமயம் பார்த்து மூன்றாவது வால்வுக்கு முடியவில்லை. ஒரு வாரமாகவே கரகரவென்று இருமிக்கொண்டிருந்தது. "என்னால முடியலண்ணே, வாய் திறந்தாலே கமறுது," என்று முனகியது.

"இன்னிக்கு வேணாம்ப்பா," என்றது ஆம்ப். "இவனுக்கு உடம்பு சரியில்ல. டெரிக் புது வால்வுக்குச் சொல்லி வெச்சிருக்கார். அது வந்ததும் வெச்சுக்கலாம்."

"இருக்கிறதை அளக்கிறதுதான் என் வேலை. அடுத்த சத்தம்."

ஊ என்றது கம்ப்யூட்டர். ஊ என்றது ஆம்ப். மறுபடி ஊ. மறுபடி, கொஞ்சம் பெரிய ஊ. பாட்டு இல்லை, தாளம் இல்லை, தந்தியைத் தொட ஒரு விரல் இல்லை. எழுநூறாவது ஊவுக்கு ஆம்ப்புக்குப் பொறுமை போய்விட்டது. போகாதா பின்னே?

"இதையேதானே காலையில கேட்டே!"

"கேட்டேன். ஆனா நீ காலையில வேற மாதிரி சொன்னே."

"காலையில எனக்குச் சூடு கம்மி. இப்போ கொதிக்குது. பக்கத்து அறையில ஏசியைப் போட்டு கரண்ட்டை வேற இறக்கிட்டாங்க. ஒரே மாதிரி எப்படிய்யா வரும்?"

"பரவாயில்ல. சராசரி எடுத்துக்கறேன்."

"என் குரல்ல சராசரியா? யாராவது சராசரியாப் பாடி நீ கேட்டிருக்கியா?"

"கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. அடுத்த சத்தம்."

சுவரோடு பேசியிருந்தால்கூட எதிரொலியாவது கிடைத்திருக்கும். ஆம்ப் பல்லைக் கடித்துக்கொண்டு ரெண்டாயிரத்தையும் சொல்லி முடித்தது.

சாயங்காலம் மிருணாளினி சோதனை வைத்தாள். ஆம்ப்பின் ஒலியையும், அலையைத் தலைகீழாக்கிய நகலின் ஒலியையும் ஒன்றாக ஓடவிட்டாள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மௌனம்தான் மிஞ்ச வேண்டும். மௌனமே மிஞ்சியது.

"அச்சு அசல் சார்!" என்று துள்ளினாள் அவள். இருமல் உட்பட, என்று நினைத்துக்கொண்டது ஆம்ப்.

புது வால்வு வந்து சேர மூன்று வாரம் ஆனது. அதுவரை டெரிக் வீட்டில் நகலை வைத்தே பயிற்சி செய்தார். காலையில் அது, மாலையில் அது. காது பழகிவிட்டது.

பதிவு நாள் வந்தது. இருமிய வால்வு போய்ப் புது வால்வு ஏறியது. ஆம்ப் நடுவில் உட்கார்ந்தது. எத்தனையோ நாள் கழித்துத் தொண்டை திறந்த சந்தோஷத்தில், டெரிக் தொட்ட முதல் தந்திக்கே நெஞ்சு நிறையப் பாடியது. இதைவிட நன்றாக அது பாடியதே இல்லை.

டெரிக் வாசிப்பதை நிறுத்தினார். "என்னம்மா, நம்ம சவுண்ட் இப்படி இல்லையே?"

"ஆமா சார், ரொம்ப மழுமழுன்னு இருக்கு. அந்தக் கரகரப்புதானே சார் இதுக்கு அழகு?"

அவள் மறுபடி சோதனை வைத்தாள். இந்த முறை மௌனம் இல்லை. ஏதோ இரைச்சல் மிஞ்சியது.

"பாருங்க சார், எவ்வளவு விலகியிருக்கு. வால்வு மாத்தினப்போ உள்ளே ஏதோ கெட்டுப்போயிருக்கு."

ஆம்ப்புக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியது. "நீயாவது சொல்லேன்! அன்னிக்கு அந்த மூணாவது வால்வுக்கு உடம்பு சரியில்லன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேனே. உனக்குத் தெரியாதா?"

"என்கிட்ட அப்படி எதுவும் பதிவாகல," என்றது கம்ப்யூட்டர். "ரெண்டாயிரம் தடவை கேட்டேன். ரெண்டாயிரம் தடவையும் நீ இப்படிப் பேசலையே."

"நான்தான்டா நான்!"

"இருக்கலாம். ஆனா ஒத்துப்போகல."

நேரமாகிக்கொண்டிருந்தது, பாடகர்கள் காத்திருந்தார்கள். பதிவுக்கு நகலையே வைத்துக்கொள்ளலாம் என்றார் டெரிக். ஆம்ப்பை நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் கம்ப்யூட்டரை ஒரு ஸ்டூல் போட்டு வைத்தார்கள்.

மிருணாளினி காகித டேப்பில் ஒரு துண்டு கிழித்தாள். ரிப்பேர் கடைக்காரருக்குப் புரியும்படி, என்ன குறை என்று அதில் எழுதி ஆம்ப்பின் நெற்றியில் ஒட்டினாள்:

'ஒரிஜினல் மாதிரி இல்லை.'